சொல் விளக்கம்: இன்டேக் ஏர் டெம்பரேச்சர்

டர்போ பொருத்திய டீசல் லாரியில், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் திரையில் ஓடும் வரிகளில் ‘ஐஏடி’ என்று ஒன்று இருக்கும். இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்பதன் சுருக்கம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை என்று பொருள் சொல்லிவிடலாம், போதாது. எந்த இடத்தில் அளந்த காற்று என்பதை இந்தப் பெயர் சொல்வதேயில்லை. டர்போ வண்டியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

ஏர் ஃபில்டரைக் கடந்த காற்றை டர்போவின் அமுக்கி நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி கையைச் சுடுவதைப் போல, நெருக்கப்பட்ட காற்று சூடேறுகிறது. வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டரை மடங்குக்கு நெருக்கினால், டர்போவை விட்டு வரும் காற்று 150 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதை 60 டிகிரி அளவுக்கு இறக்கி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அனுப்புகிறது. அழுத்தம் குறையாமல் சூடு மட்டும் இப்படி இறங்கினால், அதே இடத்தில் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகக் காற்று அடங்கும். ஆக்சிஜன் கூடும், டீசல் முழுதாக எரியும், கரும்புகை குறையும், வண்டி இழுக்கும்.

ஆகவே ஒரே லாரியில், ஒரே நொடியில், ஃபில்டர் பக்கத்து உணரி (சென்சார்) 38 என்றும் மேனிஃபோல்டு உணரி 62 என்றும் காட்டலாம், இரண்டும் சரியே. இவற்றில் எது ‘ஐஏடி’ என்ற பெயரில் திரைக்கு வருகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். 62-ஐப் பார்த்துப் பதறுவதும் 38-ஐப் பார்த்து நிம்மதி அடைவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். டெம்பரேச்சர், ‘அளவோடு கலத்தல்’ என்னும் பொருளுடைய டெம்பெராரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. சூட்டின் அளவு என்ற பொருள் பிறகுதான் ஏறியது. தமிழில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இன்டர்கூலர் வெளியேற்றுவது வெப்பம்; உணரி சொல்வது வெப்பநிலை. இன்டர்கூலரில் உள்ள ‘இன்டர்’ இடையில் என்று பொருள்படும். பல கட்டங்களாகக் காற்றை நெருக்கும் இயந்திரங்களில், ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வைத்த குளிர்விப்பானுக்கு அது பொருத்தமான பெயர். ஒற்றை டர்போ லாரியில் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்கிறது என்ற அளவில் அதே பெயர் நிலைத்துவிட்டது.

இன்டர்கூலர் வழியே போகும் காற்றை ஆங்கிலத்தில் ‘சார்ஜ் ஏர்’ என்பார்கள். சார்ஜ் என்பதன் வேர் ‘கார்ருஸ்’, அதாவது வண்டி. வண்டியில் சுமை ஏற்றுவது ‘கார்ரிகாரே’. கார் என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததே. மின்சாரத்துக்கு மின்னேற்றம் என்று தமிழில் சொன்னவர்கள் ‘ஏற்று’ என்ற வினையை எடுத்தது எவ்வளவு சரியான தேர்வு!

‘உள்ளெடுப்புக் காற்று வெப்பநிலை’ என்பது பிழையில்லாத பெயர்ப்பு. ஆனால் மூலத்தின் குழப்பத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இரண்டு பெயர் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை: ஃபில்டர் பக்கத்தில் அளப்பது புகுகாற்று வெப்பநிலை; இன்டர்கூலருக்குப் பின் அளப்பது ஏற்றுகாற்று வெப்பநிலை. ஊறுகாய், சுடுசோறு போல இவையும் வினைத்தொகை. ஆகவே நடுவில் ‘க்’ மிகாது.

பெயர் தெளிவானால் கணக்கும் தெளிவாகும். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி. சமதளச் சாலையில் சீரான வேகத்தில் ஏற்றுகாற்று 20, 30 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. பாரம் ஏற்றிச் சேலத்திலிருந்து தொப்பூர் மேட்டில் ஏறும்போது அது உயரும். மேடு முடிந்து வேகம் பிடித்ததும் இறங்க வேண்டும். இறங்க மறுத்தால் முன்பக்கக் கிரில்லைத் திறந்து இன்டர்கூலரின் தகடுகளைப் பாருங்கள். மண்ணும் பூச்சியும் அடைத்து, எதிரே வெளிச்சம் தெரியாமல் இருக்கும். ஹோஸ் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. இழப்பை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்று காற்றை மேலும் சூடாக்குகிறது.

நெரிசலில் நின்ற வண்டியிலும், சூடாக நிறுத்தி மீண்டும் கிளப்பிய வண்டியிலும் இரண்டு அளவும் உயர்ந்தே இருக்கும். சற்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். புகைக்கழிவின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் இஜிஆர் அமைப்புள்ள எஞ்சினில், அது கலந்த பிறகு உணரி இருந்தால் எண் இன்னும் கூடும். அதை இன்டர்கூலரின் கோளாறு என்று சொல்லக் கூடாது.

கடைசியாக, சித்திரை வெயிலில் திரை −40 என்று காட்டினால் காற்றைச் சந்தேகிக்க வேண்டாம். இந்த உணரியின் மின்தடை குளிரக் குளிரக் கூடும் வகையைச் சேர்ந்தது. ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு, ஓபிடி எனப்படும் பொதுவான கோளாறறியும் முறையின் அளவுகோலில் அடிப்படியான −40-ஐக் காட்டும். உணரியை மாற்றச் செலவு செய்வதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றி, துரு இருந்தால் சுத்தம் செய்து செருகிப் பாருங்கள்.