தெளிந்த வானத்தில் ஒரு திடீர் அடி

விமானம் குலுங்கினால் மேகத்தையோ காற்றையோ காரணம் சொல்வோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் துண்டு மேகம்கூட இல்லாத வானத்தில் சட்டென்று ஒரு அடி, ஒரு பக்கமாக ஒரு சாய்வு, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அமைதி என்று வந்தால், விமானிகளான நாங்கள் முதலில் சந்தேகப்படுவது வேக் டர்புலன்ஸை. அதாவது, அந்த வழியாகப் போன இன்னொரு விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலை.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். இரண்டு நுனிகளிலிருந்தும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்கள் விமானத்துக்குப் பின்னால் மைல் கணக்கில் நீளும். விமானம் கனமாகவும் மெதுவாகவும் போகும்போது அவற்றுக்கு வலு அதிகம். நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, எங்கள் வானிலை ரேடாரிலும் விழாது.

ஓடுபாதைப் பக்கம் இதற்குக் கறாரான ஏற்பாடு உண்டு. பெரிய விமானங்கள் ரேடியோவில் தங்கள் பெயரோடு 'ஹெவி' என்று சேர்த்துச் சொல்லும், இரண்டடுக்குப் பயணிகள் விமானமான ஏ380 என்றால் 'சூப்பர்'. பின்னால் வருபவர்களைக் கட்டுப்பாட்டாளர்கள் அதற்கேற்ற இடைவெளியில் நிறுத்துவார்கள். 'கிளம்ப ஏன் இவ்வளவு நேரம்?' என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பீர்களே, அந்தக் காத்திருப்புக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எனக்குக் கவலை உயரத்தில்தான். 29,000 முதல் 41,000 அடி வரை, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே பொதுவாக 1,000 அடிதான் இடைவெளி. எங்கள் திரையில் எதிரே ஒரு சின்ன வைர வடிவக் குறி வரும், பக்கத்தில் +10 என்று இருக்கும். 1,000 அடி மேலே ஒருவர் வருகிறார் என்று அர்த்தம். உடனே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பேன். பலமான பக்கக்காற்று இருந்தால் சுழலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று மந்தமாக இருந்தால் அது நேராக எங்கள் பாதைமேலேயே இறங்கலாம். அப்போது அனுமதி கேட்டுக் கொஞ்சம் விலகிப் பறப்போம். கடல்மேல் பல பகுதிகளில் பாதைக்கு வலப்புறமாக 2 கடல் மைல் வரை விலகிக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு இருக்கிறது. சீட் பெல்ட் விளக்கையும் போட்டுவிடுவேன்.

2017 ஜனவரி 7 அன்று அரபிக்கடல்மேல் நடந்தது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாலத்தீவிலிருந்து அபுதாபிக்குக் கிளம்பிய ஒரு சேலஞ்சர் 604 சிறு ஜெட்டுக்கு 1,000 அடி மேலே, எதிர்த்திசையில் ஒரு ஏ380 கடந்துபோனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சிறு ஜெட் பக்கவாட்டில் உருண்டு பல ஆயிரம் அடி கீழே போனது. விமானிகள் அதை மீட்டு மஸ்கட்டில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலருக்கு நல்ல அடி. விமானம் அதன்பிறகு பறக்கும் நிலையில் இல்லை.

பெரிய பயணிகள் விமானம் இப்படி உருள்வது மிக மிக அரிது. பெரும்பாலும் சில விநாடி சாய்வோடு ஆட்டோபைலட்டே நிமிர்த்திவிடும். அந்த நேரத்தில் நாங்கள் பதறிக் கட்டுப்பாடுகளைத் தாறுமாறாக இயக்குவதும் ஆபத்து. 2001 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு ஏ300 பயணிகள் விமானம் முன்னால் போன 747 விமானத்தின் சுழலில் மாட்டியது. சுழல் அதை உடைக்கவில்லை. துணை விமானி ரட்டரை (வாலில் இருக்கும், மூக்கை இடவலமாகத் திருப்பும் பலகையை) அளவுக்கு மீறி இப்படியும் அப்படியும் மிதித்ததில் செங்குத்து வாலே பிய்ந்தது. 265 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியில் இதற்குத் தனி இடம் வந்தது.

விமானத்துக்கு ஒன்றும் ஆகாத அந்தச் சில விநாடிகளில் உள்ளே இருப்பவருக்கு அடிபடலாம். பெல்ட் போடாதவர் இருக்கையிலிருந்து எழும்பி மேற்கூரையில் இடித்துக்கொள்வார், அல்லது பக்கத்தில் இருப்பவர்மேல் விழுவார். விளக்கு அணைந்ததும் கேட்கும் பெல்ட் கழற்றும் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்காது. உட்கார்ந்திருக்கும்வரை, தூங்கும்போதும், தளர்வாகவாவது மாட்டியே வையுங்கள். போர்த்திக்கொண்டால் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டால், பணிப்பெண்கள் உங்களை எழுப்ப வேண்டியதில்லை. மடிக் குழந்தைக்குத் தனி பெல்ட் தரும் விமானம் என்றால், கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.