பூட்டினால் கிளம்புமா?

வியாசர்பாடியில் நான் ஞாயிறுதோறும் போகிற மாலை வகுப்பின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் இரண்டே வரி: "விரலியைச் செருகவும். கணினியைப் பூட்டவும்." எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் எல்லோருக்கும் ஐயா. விரலி என்றால் பென்டிரைவ். பூட்டவும் என்றால் பூட் செய்யவும்: விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அந்தப் பென்டிரைவில் இருக்கிறது, அதிலிருந்து கணினியை ஓட வைக்க வேண்டும் என்று பொருள். எங்கள் வீட்டில் விரலி என்றால் மஞ்சள்தான், அது வேறு கதை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தத் தாளைப் படித்துவிட்டு அதில் இருந்தபடியே செய்தாள். பென்டிரைவைச் செருகினாள். ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 7ஐப் பூட்டினாள். விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். திரை கடவுச்சொல் கேட்டு நின்றது. அந்தக் கணினியை எங்களுக்குக் கொடுத்த புண்ணியவான் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. ஆன் செய்ததும் தானாக உள்ளே போய்விடும் என்பதால் நாங்களும் கேட்டு வைக்கவில்லை.

"அண்ணா, பூட்டிட்டேன். சாவி யாராண்ட இருக்கு?"

சரியான கேள்வி. ஐயாவுக்குக் கோபம் வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தப்பு என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல். பூட் என்பது பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். பூட்ஸை மாட்டும்போது பிடித்து இழுக்க, குதிகாலுக்குப் பின்னால் காது மாதிரி ஒரு தோல் வளையம் இருக்குமே, அதுதான். தன் பூட்ஸின் காதைத் தானே பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று 19ஆம் நூற்றாண்டில் நடக்காத காரியத்துக்குச் சொன்னார்கள். பிறகு யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வருவதற்கும் அதையே சொன்னார்கள். 1950களில் கணினிக்காரர்கள் கையில் அகப்பட்டது. நிரலை நினைவகத்துக்குள் ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலை ஏற்ற இன்னொன்று வேண்டும், அப்படியென்றால் முதல் நிரலை யார் ஏற்றுவது? இந்த முட்டுச்சந்துக்குத்தான் அந்தப் பெயர். 1975இல் வந்த ஆல்டேர் 8800 போன்ற கணினிகளில் முன்பலகைச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி முதல் கட்டளைகளைக் கையாலேயே ஏற்றினார்கள். ஐபிஎம் பெருங்கணினிக்காரர்கள் பூட்ஸையே தொடவில்லை. 'தொடக்க நிரலேற்றம்' என்ற பொருளில் வேறொரு பெயர் வைத்து இன்றுவரை அதையே சொல்கிறார்கள். சொற்பிறப்புக்கு இது போதும்.

நம் பழைய கணினியில் என்ன நடக்கிறது? பவர் பட்டனை அழுத்தியதும் தாய்ப்பலகையிலேயே குடியிருக்கும் பயாஸ் என்ற நிரல் விழிக்கிறது. நினைவகம், விசைப்பலகை எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. பிறகு எந்த வட்டில் போய்த் தேட வேண்டும் என்ற வரிசைப்படி போகிறது. வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கிறது. அதில் 446 பைட்தான் நிரலுக்கு, மீதி பிரிவினைப் பட்டியலும் கடைசி 2 பைட் அடையாளக் குறியும். இந்த 446 பைட் குட்டி நிரல் தன்னைவிடப் பெரிய இன்னொன்றைக் கூப்பிடும், அது லினக்ஸின் கருவை, அதாவது கெர்னலைக் கூப்பிடும், கரு மற்ற எல்லாவற்றையும் கூப்பிடும். லினக்ஸ் மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிய ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்துவிட்டு "வரலையே தலைவரே" என்று வந்து நிற்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் 512 பைட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் இந்தப் பழைய பயாஸுக்கு அது வெறும் பிளாஸ்டிக். ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளை வைத்து எழுத வேண்டும், காப்பி செய்தால் ஆகாது.

சர்வீஸ் கடைகளில் இதை எப்படிச் சொல்கிறார்கள்? "ஆன் ஆவுது, டிஸ்ப்ளே வருது, ஆனா உள்ள போவல." மூன்று நிலை, மூன்று சொல், ஒன்றோடொன்று குழம்பாது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது காதால் கேட்டிருந்தால் பாதி அகராதி திருந்தியிருக்கும்.

இப்போது ஐயாவின் கட்சிக்கு வருகிறேன். அவரை லேசில் தள்ள முடியாது. உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு. அப்படியே பூண் என்பதிலிருந்து பூட்டு. பூணச் செய்வது. மாட்டை ஏரில் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஒன்றுக்கே விற்பூட்டு என்று பெயர். சித்திரையில் பொன்னேர் பூட்டினால்தான் அந்த வருஷத்து உழவே தொடங்கும். "தொடக்கமும் பூட்டுதான் தம்பி, ஆங்கிலத்து ஒலியும் அதுவே. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வேற எந்த மொழிக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?" என்கிறார். கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டாவது மாங்காயில்தான் எனக்குச் சந்தேகம். ஆங்கிலச் சொல் பூட்ஸாக இல்லாமல் வேறு எதுவாகவோ இருந்திருந்தால் ஐயாவுக்குப் பொன்னேர் ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்காது. ஒலியைப் பிடித்துக்கொண்டு பொருளைப் பின்னால் தேடியிருக்கிறார். கடன் வாங்கலாம், தப்பில்லை. பஸ், காபி, பேனா எல்லாம் கடன்தான். வாங்கினதைக் கடன் என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும். பாட்டன் சொத்து என்று பத்திரம் எழுதக் கூடாது. 'பூட்டு' என்று வேஷம் கட்டுவதைவிட 'பூட்' என்று அப்படியே எழுதுவது எனக்கு நாணயமாகப் படுகிறது.

சரி, பிறப்பை விடுவோம், புழக்கத்தைப் பார்ப்போம். ஏர் பூட்டிப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்குப் பூட்டு என்றால் கதவு, சைக்கிள், போனின் திரைப் பூட்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது குற்றமில்லை, ஆனால் இரண்டும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி? போன் பழுது பார்ப்பவர்கள், இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான பூட்லோடரை அன்லாக் செய்வார்கள். ஐயாவின் தமிழில் அது 'பூட்டேற்றியின் பூட்டைத் திற'. 2012இல் விண்டோஸ் 8ஓடு பரவிய கணினிகளில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் உண்டு, முத்திரை உள்ள நிரலை மட்டும்தான் கிளம்ப விடும், சில லேசான லினக்ஸ்களுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதைப் 'பாதுகாப்பான பூட்டை முடக்கு' என்று எழுதிப் பாருங்கள். எந்த வீட்டு அம்மா அதைச் செய்ய விடுவார்?

அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அது அந்தக் கணினியிலேயே கிடைத்தது. அன்றைக்குப் பூட்டிக்கொண்ட கணினியைப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டதும் எஃப் 12ஐத் தட்டி, பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே இருந்தது பப்பி லினக்ஸ், 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் தொடங்கியது. சில நூறு எம்பிதான் இருக்கும். 1 ஜிபி நினைவகத்துக்குள் அது முழுசாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கருப்புத் திரையில் வரிகள் ஓடி முடிந்து மேசை வந்ததும் அந்தப் பெண்ணிடம், "இப்ப பென்டிரைவை உருவு" என்றேன். தயங்கினாள். உருவினாள். அம்புக்குறி நகர்ந்தது, எழுதும் பலகை திறந்தது, அவள் தன் பெயரைத் தட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. பார்க்க வித்தை மாதிரி இருக்கும், பக்கத்துக் கணினியிலிருந்த பையன்கள்கூட எழுந்து வந்தார்கள். சேமித்து வைக்க மட்டும் பென்டிரைவ் திரும்ப வேண்டும்.

ஐயாவிடம் அதைத்தான் கேட்டேன். பூட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டால் ஏர் ஓடுமா? பூட்டுதல் என்றால் வேலை முடிகிற வரை சேர்ந்தே இருப்பது. பூட் அப்படியில்லை, அது கிளம்புகிற நேரத்துச் சங்கதி. எம்.சி. ரோட்டில் பேட்டரி செத்த ஆட்டோவை நாலு பேர் தள்ளிக் கிளப்புகிறார்கள். கிளம்பினதும் தள்ளியவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள், அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போவதில்லை. ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹார்ட் டிஸ்க் போன கம்ப்யூட்டருக்கு உன் பென்டிரைவ் இரவல் மாடுதானே தம்பி?" என்றார். அது நல்ல பதில். எல்லா லினக்ஸும் பப்பி இல்லை, சிலவற்றில் பென்டிரைவைக் கடைசி வரை வைத்திருக்கத்தான் வேண்டும். அந்த அளவுக்கு மாடு அவருக்கு.

எதிர்க் கட்சி இன்னொன்று இருக்கிறது, 'துவக்கு'. மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் கொடி நாட்டியிருப்பது இதுதான். தொடக்கமா துவக்கமா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை, ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பதையும் இழுக்கவில்லை. ஸ்டார்ட் துவக்கு, லாஞ்ச் துவக்கு, பூட் என்றாலும் துவக்கு. ஒரே கரண்டியால் சாம்பாரும் பாயசமும் ஊற்றுகிற மாதிரி. கடைக்காரர் மூன்று சொல்லில் பிரித்ததை ஒரே சொல்லில் போட்டுக் குழைத்துவிட்டு, செந்தமிழ் என்று பெயர்.

அதிலும் 'துவக்கக்கூடிய யூ.எஸ்.பி.' என்று பார்க்கும்போது ராயபுரத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிற எனக்குக் கை பரபரக்கிறது, வெட்டிவிட. நாம் துவக்குவது பென்டிரைவையா? கணினியைத்தானே! ஆங்கிலச் சொல்லின் வாலில் 'முடியும்' என்ற பொருள் தொங்கினால், தமிழில் 'கூடிய' ஒன்றை ஒட்டியே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஊறுகாயை ஊறக்கூடிய காய் என்றா சொல்கிறோம்? ஊறிய, ஊறுகிற, ஊறும் காய் மூன்றையும் ஒரு சொல்லில் அடக்க நம்மிடம் வினைத்தொகை இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீக்கக்கூடிய, படிக்கக்கூடிய, தேடக்கூடிய என்று கூடிக்கொண்டே போகிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் கொஞ்ச நாள் நானும் அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், சொல்லுக்கு இவ்வளவு பைசா என்று பேசி ஒரு எக்செல் தாளை அனுப்பும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. அந்தச் சொல் எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் வருகிறது என்று கேட்டால் பதில் வராது. வட்டில் மிச்சமிருக்கும் காலியிடம், ஆங்கிலத்தில் ஃப்ரீ ஸ்பேஸ், 'இலவச இடம்' ஆவது அப்படித்தான். வகுப்பில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு "பட்டாவும் குடுப்பாங்களாண்ணா?" என்றான். வியாசர்பாடியில் அது கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது இயந்திரம் மொழிபெயர்க்கிறது, பூட் என்பதைக் காலணி என்கிறது. அதன்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, அது சொற்பிறப்பையாவது பார்த்திருக்கிறது.

என் ஓட்டு 'கிளப்பு'வுக்கு. வண்டியைக் கிளப்பு என்று சொல்லாத சென்னைக்காரர் உண்டா? காசிமேட்டில் விடியுமுன் இன்ஜினைக் கிளப்பித்தான் படகு போகிறது. திரும்பு திருப்பு, நிரம்பு நிரப்பு போல, கிளம்பு கிளப்பு. தானாக நடப்பதற்கு ஒன்று, நாம் செய்வதற்கு ஒன்று. "கம்ப்யூட்டர் கிளம்பல, பென்டிரைவ் போட்டுக் கிளப்பினேன்." இதற்கு விளக்கவுரை வேண்டாம். கிளப்பும் பென்டிரைவ் என்றால் பென்டிரைவைக் கிளப்புவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். முதல் 512 பைட்டில் குந்தியிருக்கும் நிரலுக்குக் கிளப்பி என்று பெயர் வைக்கலாம்.

மட்டமான சொல் என்கிறார்கள். புரளி கிளப்பு, பீதியைக் கிளப்பு என்றெல்லாம் வருகிறதே என்கிறார்கள். கரு ஒத்துப்போகாவிட்டால் லினக்ஸ் திரையில் காட்டுவதும் பீதிதான், அதற்கு ஆங்கிலத்திலேயே கெர்னல் பேனிக் என்றுதான் பெயர். காபி கிளப், கிளப்புக் கடை என்று ஐயா காலத்தில் ஓட்டலுக்குச் சொன்னார்களாம். இரட்டைப் பொருள் என்று பூட்டைத் தள்ளிவிட்டு இதை மட்டும் ஏற்பது என்ன நியாயம் என்று கேட்டார். பயாஸ் திரையில் பூட்டுத் தொங்குகிறது, கிளப்புக் கடை இல்லையே ஐயா என்றேன். 'எழுப்பு' என்று ஒரு நண்பர் சொன்னார். தூங்க வைத்த கணினியைத் திரும்ப எழுப்புவதற்கு அந்தச் சொல் வேண்டும், அதை இங்கே செலவழிக்க முடியாது.

சொல் இன்றைக்கு அவசரமும்கூட. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு கதவைச் சாத்திவிட்டது. லினக்ஸ் வகைகளிலும் உபுண்டு 2017லேயே பழைய கணினிகளுக்கான 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பைக் கைவிட்டது, டெபியன் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினியில் நிறுவும் வழியை எடுத்துவிட்டது. ஆன்டிஎக்ஸ் மாதிரி சில லினக்ஸ்காரர்கள்தான் பழைய கணினிகளைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரணில் கிடப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு இனிமேல்தான் நிறையப் பேர் வருவார்கள். அவர்களுக்குச் சுவரில் ஏதாவது எழுதி வைக்க வேண்டுமே.

பழைய தாளைக் கிழிக்க ஐயா விடவில்லை. அதற்குக் கீழே என் தாளையும் ஒட்டியிருக்கிறேன்: "பென்டிரைவைச் செருகு. ஆன் செய்து எஃப் 12ஐத் தட்டு. பென்டிரைவிலிருந்து கிளப்பு." 'செருகு' என்பது மட்டும் அவருடையது, அது நல்ல சொல்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்து வேண்டியதைக் கிளப்புகிற டூயல் பூட்டுக்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னமும் அவை அலமாரியில் கிடக்கின்றன, வாரம் ஒன்றாவது வகுப்புக்கு வருகிறது. 'இரட்டைக் கிளப்பு' என்று சொல்லிப் பார்த்தேன், முழித்தார்கள். ஐயா மெதுவாக, "ரெட்டை மாட்டுப் பூட்டு" என்றார்.