பிளாஸ்டிக் வைக்கோலா? ஸ்ட்ராவுக்கு சரியான தமிழ் என்ன

எங்கயாவது ஒரு நகராட்சி பிளாஸ்டிக் ஸ்ட்ராவ தடை பண்ணா அந்த செய்தி தமிழுக்கு வர்றப்ப பல தடவ "பிளாஸ்டிக் வைக்கோலுக்குத் தடை"ன்னு வந்து நிக்குது, மெஷின் மொழிபெயர்ப்புல போட்டு திரும்பிக்கூட பாக்காம அப்படியே ஒட்டிடறாங்க. படிக்கிறவங்களுக்கு எதை தடை பண்ணிருக்காங்கன்னே புரியல. கதை கட்டுரைன்னா விட்டுடலாம், இது சட்டம், மீறினா அபராதம் இருக்கு, அதுல பொருளோட பேரே தப்பா இருக்கறது எனக்கு ரொம்ப உறுத்துது.

ஆனா அந்த தப்புக்குள்ள ஒரு உண்மையும் இருக்கு. ஆங்கிலத்துல ஸ்ட்ரான்னா முதல் அர்த்தம் வைக்கோல்தான், கதிர அடிச்ச பிறகு மிஞ்சற காஞ்ச தாள். அதுக்கும் பின்னாடி போனா "பரப்பு, இறைச்சு விடு"ன்னு பொருள் தர்ற ஸ்ட்ரூங்கற வினையோட சொந்தக்கார சொல்லு அது, தரையில பரப்பிவிடற காஞ்ச புல்லுங்கறதுதான் அடிப்படை. அந்த தாள் உள்ள ஓட்டையா இருக்கும், அதனால அதை வெட்டி குடிக்கறதுக்கு வச்சிருக்காங்க, பொருளோட பேரே கருவியோட பேரா ஆயிடுச்சு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல ரைங்கற தானியப் புல்லோட தண்டுதான் ஸ்ட்ரா, அது குடிக்கறதுல புல் வாசனைய ஏத்திடும், கொஞ்ச நேரத்துல ஊறி பிரிஞ்சும் போயிடும். இது பிடிக்காம மார்வின் ஸ்டோன்ங்கறவர் பேப்பர சுருட்டி பசை போட்டு ஒட்டி 1888ல காப்புரிமை வாங்கினார், அவருக்கு ஏற்கனவே சிகரெட்டுக்கு பேப்பர் பிடிப்பான் செய்யற தொழில் இருந்துச்சு.

இங்கதான் தமிழ்ல ஒரு அழகான விஷயம் இருக்கு. புல், நெல் இதுகளோட தண்டும் தாள்தான், நாம எழுதற பேப்பரும் தாள்தான். அதனால ஸ்டோன் செஞ்ச மாற்றத்த தமிழ்ல சொல்லணும்னா தாள்ல இருந்து தாளுக்கு போனதுன்னே சொல்லலாம், வேற எந்த மொழியில இப்படி அமையும்னு எனக்கு தெரியல.

இன்னொன்னு, தொல்காப்பியத்துல மரபியல்ங்கற பகுதியில வெளிப்பக்கம் உறுதியா இருக்கறது புல், உள்பக்கம் உறுதியா இருக்கறது மரம்னு பிரிச்சிருக்கு. அந்தக் கணக்குல மூங்கிலும் புல்லுதான், இன்னிக்கு தாவரவியலும் அதை புல் குடும்பத்துலதான் வைக்குது. புல்லாங்குழல்ல இருக்கற புல் அதுதான். புல்லால ஆன குழல். ஊதறதுக்கு ஒரு புல்குழல நாமளே பேரு வச்சு வச்சிருக்கோம், உறிஞ்சறதுக்கு பேரு தேடறப்ப குழல்ங்கற சொல்ல விட்டு வேற எங்கயும் போக வேண்டியதில்லங்கறது என் கருத்து.

அதனால உறிஞ்சுகுழல். நிறைய பேர் ஏற்கனவே எழுதறதுதான், உறிஞ்சு குழாய்னும் எழுதறாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா குழாய்னா இன்னிக்கு தண்ணி வர்ற பைப்புதான் கண்ணு முன்னாடி வருது, குழல் சின்னது மெல்லிசுங்கற உணர்வ தானா கொடுக்குது. சுருக்கி உறிகுழல்னு சிலர் எழுதறதுல எனக்கு உடன்பாடில்ல, உறின்னு கேட்டதும் பானை வச்சு தொங்கவிடற கயிறுதான் ஞாபகம் வரும், ரெண்டெழுத்து மிச்சம் பண்ணி அர்த்தத்த இழக்கக் கூடாது. தூம்புன்னு ஒரு நல்ல பழைய சொல்லும் இருக்கு, உள்ள ஓட்டையா இருக்கற குழாய்க்கு. ஆனா அது மதகு, வடிகால் பக்கம் போயிடுச்சு, வாயில வைக்கற பொருளுக்கு ஒட்டாது.

உறிஞ்சுகுழல்ல எனக்கு ரொம்ப பிடிச்சது, அது செய்யற வேலைய சொல்லுது, எதுல செஞ்சதுன்னு சொல்லல. மெசபடோமியாவுல ஊர்ங்கற பழைய நகரத்துல புவாபி அரசியோட கல்லறையில தங்கத்துலயும் நீலக்கல்லுலயும் செஞ்ச குழல்கள் கிடைச்சிருக்கு, 4500 வருஷ பழசு, அதுவும் உறிஞ்சுகுழல்தான், பேப்பரும் மூங்கிலும் எஃகும் உறிஞ்சுகுழல்தான். தடை போடறது உறிஞ்சறதுக்கோ குழலுக்கோ இல்ல, பிளாஸ்டிக்குக்கு. பிளாஸ்டிக்குக்கு நெகிழின்னு நல்ல தமிழ் இருக்கு, கிரேக்க மூலத்துலயும் வளைச்சு வனையக்கூடியதுன்னுதான் பொருள், அதனால பொருத்தமாத்தான் இருக்கு.

அடுத்த சிக்கல் ஒற்றைப் பயன்பாடு, ஆங்கிலத்துல சிங்கிள்-யூஸ்ங்கறதுக்கு போடற தமிழ். இதைத்தான் எல்லா அறிவிப்புலயும் போடறாங்க. 2018ல காலின்ஸ் அகராதி அந்த ஆண்டோட சொல்லா தேர்ந்தெடுத்ததே இதோட ஆங்கில மூலத்ததான், அந்த அளவுக்கு உலகம் பூரா பரவின சொல். ஆனா தமிழ்ல ஒற்றைன்னா ஜோடி இல்லாதது, தனியா ஒண்ணு, ஒற்றைச் செருப்பு மாதிரி. ஒற்றைப் பயன்பாடுன்னு படிச்சா ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆகும்னு அர்த்தம் வந்துடுது, அப்படிப் பாத்தா எஃகு குழலும் ஒரே வேலைக்குத்தானே ஆகும், அதையும் தடை பண்ணிட்டாங்களான்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்ல முடியாது. எத்தனை வேலைங்கறது இல்ல விஷயம், எத்தனை தடவைங்கறதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019ல போட்ட விதியில, திரும்பத் திரும்ப பயன்படுத்தற மாதிரி வடிவமைக்காத பொருள்னுதான் விளக்கம் வச்சிருக்காங்க. அதாவது நீங்க வீட்டுல கழுவி நாலு தடவ குடிச்சாலும் அது ஒருமுறைப் பொருள்தான், ஏன்னா செஞ்சவங்க அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அதனால ஒருமுறைப் பயன் நெகிழி உறிஞ்சுகுழல், நீளம்தான், ஆனா சட்டத்துல நீளம் பரவால்ல, பேச்சுல ஸ்ட்ரான்னே சொல்லிக்கலாம், ஸ்ட்ரா ஒண்ணும் தமிழ கெடுத்துடாது.



தடைங்கற சொல்லுலதான் இன்னும் கவனம் வேணும். அமெரிக்காவோட சியாட்டில் நகரம் 2018 ஜூலை 1ல இருந்து உணவகங்கள்ல பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் ஸ்பூன் முள்கரண்டியும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு, 250 டாலர் வரைக்கும் அபராதம். செய்தியில தடைன்னுதான் வந்துச்சு, ஆனா உள்ள படிச்சா உடம்புக்கு தேவைப்படறவங்களுக்கு வளையற பிளாஸ்டிக் குழல் கொடுக்கலாம்னு விலக்கு இருந்துச்சு. கனடாவோட வான்கூவர்ல 2020ல வந்த விதி இன்னும் ஒரு படி மேல போய், தேவைப்படறவங்க கேட்டா கொடுக்கறதுக்கு வளையற குழல கடையில வச்சிருக்கணும்னு சொல்லுச்சு. இங்கிலாந்துல அதே வருஷம் அக்டோபர் 1ல வந்தப்பவும் மருந்துக்கடையில வாங்கலாம், உணவகத்துல கேட்டா கொடுக்கலாம். கப்ப கையில தூக்க முடியாதவங்க, தலைய நிமிர்த்த முடியாதவங்க இருக்காங்க. பேப்பர் ஊறிடும், எஃகு வளையாது, சூடாகும், கை நடுங்கறவங்க பல்லுல குத்திக்குவாங்க. வளையற ஸ்ட்ராவ ஜோசப் ஃப்ரீட்மன் 1937ல காப்புரிமை எடுத்தப்ப அது பேப்பர்தான், ஆனா 1947ல முதல்ல வாங்கினது ஒரு மருத்துவமனை, படுத்தபடியே குடிக்கறதுக்காக. அந்த வரலாறு தெரியாம எழுதறவங்கதான் தடைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுடறாங்க. விலக்குடன் கூடிய தடைன்னு ரெண்டு வார்த்தை சேர்த்தா போதும். வேற சில ஊர்கள்ல கேட்டா மட்டும் கொடுக்கணும்னு மட்டும்தான் விதி, அதுக்குப் பேரு தடையே இல்ல, கட்டுப்பாடு.

இதெல்லாம் சேர்த்து ஒரு அறிவிப்பு எப்படி இருக்கணும்னு எழுதிப் பாத்தேன்: "உணவகங்களில் ஒருமுறைப் பயன் நெகிழி உறிஞ்சுகுழல் வழங்கத் தடை. உடல்நலக் காரணத்துக்காகக் கேட்பவர்களுக்கு வளையும் குழல் வழங்கலாம்." படிச்சதும் யாருக்கு என்னன்னு புரியுது, வைக்கோல் எங்கயும் வரல.