தராசை மாற்றினால் கொழுந்து கூடாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். ஹட்டனில் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்யும் தம்பி, லினக்ஸில் நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் பெர்ஃப் கருவியின் அறிக்கையோடு வந்தார். "அண்ணே, கேர்னல்ல ஸ்பின்லாக்கை விடுற எடத்துலதான் பாதி நேரம் போவுது." கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஸ்பின்லாக் என்பது ஒரே தரவை இரண்டு சிபியு ஒன்றாகத் தொடாமல் காக்கும் பூட்டு. போதாக்குறைக்கு அந்த லாக்கையே மாற்றி எழுதி ஒரு கிழமையைத் தொலைத்திருந்தார். வேகம் இம்மியும் கூடவில்லை. எப்படிக் கூடும்?

லாக்கை விடுவதென்றால் மெமரியில் ஒரு தடவை எழுதுவது, பிறகு லாக்கைப் பிடிக்கும்போது மூடிய இன்டரப்டை, அதாவது சிபியுவை இடைமறிக்கும் சிக்னலை, திறந்துவிடுவது. பாதி நேரம் போக அதில் என்ன இருக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். கங்காணி மலைக்குள் போகவே முடியாது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்கும்போது மட்டும் ஆள் எண்ணலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கொப்பியில் எல்லோரும் நாள் முழுக்கத் தராசடியிலேயே நின்றதாக இருக்கும். சரிவில் குனிந்து பறித்த வேலைக்கு ஒரு வரிகூட இராது. அதைப் பார்த்துவிட்டுத் துரை புதுத் தராசு வாங்கினால்?

தம்பியின் சேர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். உள்ளே பிஎம்யு, அதாவது சிபியுவின் வேலையை எண்ணும் வன்பொருள், கிடையாது, ஆகவே பெர்ஃப் சத்தமில்லாமல் சிபியு-கிளொக்குக்கு இறங்கிவிட்டது. அது வெறும் டைமர் இன்டரப்ட். இன்டரப்டை மூடி வைத்த பகுதிக்குள் அது நுழையாது, வாசலில் காத்திருந்து திறந்த கணத்தில் பாயும். சிபியு அப்போது எங்கே நிற்கிறது என்று பெர்ஃப் எடுக்கும் குறிப்பு, அதாவது சாம்பிள், எல்லாம் அந்த வாசலிலேயே குவியும். எக்ஸ்86 இல் நிஜ பிஎம்யுவின் இன்டரப்ட் என்எம்ஐயாக, அதாவது மூட முடியாத இன்டரப்டாக, வருவதால் மூடிய இடத்துக்குள்ளும் புகும். ஆர்ம்64 இல் அதுவும் தானாக நடக்காது. ஜிஐசி-வி3 என்ற இன்டரப்ட் கட்டுப்படுத்தி இருந்து, போலி என்எம்ஐயை பூட்டின்போதே இயக்கியிருக்க வேண்டும்.

பெர்ஃப் கேர்னலுக்குள் வந்தது 2009 இல், 2.6.31 பதிப்போடு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அறிக்கையின் தலைப்பு வரியை யாரும் படிப்பதில்லை. பிஎம்யு எண்ணும் சைக்கிள்ஸா, சிபியு-கிளொக்கா என்று அங்கேயே எழுதியிருக்கிறது! கிளொக் என்றிருந்தால் இன்டரப்ட் மூடிய இடங்களைப் பற்றி அந்த அறிக்கையிடம் எதுவும் கேட்காதீர்கள். கேர்னலிலேயே உள்ள இர்க்ஸாஃப் ட்ரேசரைப் போடுங்கள், எது அதிக நேரம் இன்டரப்டை மூடி வைத்தது என்று அது காட்டும்.

சைக்கிள்ஸ் என்றிருந்தாலும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனைச் சுட்டிப் பழி போட வேண்டாம். கவுண்டர் நிரம்பி இன்டரப்ட் வந்து சேர்வதற்குள் சிபியு சில அடி தாண்டியிருக்கும். இன்டெலில் ஈவண்ட் பெயரோடு இரண்டு 'பி' சேர்த்தால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பெப்ஸ் வசதி கைகொடுக்கும். சாம்பிள் எடுக்க 100 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 தடவை, வேண்டாம், 99 வையுங்கள். இல்லாவிட்டால் அதே தாளத்தில் ஓடும் வேலையோடு சாம்பிளும் சேர்ந்து ஆடும்.

தயவுசெய்து, அறிக்கை அனுப்பும்போது அந்தத் தலைப்பு வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தம்பியின் வேலையை நிஜ இயந்திரமொன்றில் ஓடவிட்டோம். லாக்கைப் பிடித்துக்கொண்டு நீளமான லிஸ்ட் ஒன்றைத் தலையிலிருந்து வால்வரை தேடும் லூப்தான் நேரத்தைத் தின்றது, அதுவும் கேர்னலில் சேர்க்க அவரே எழுதிய மொடியூலில். மாற்ற அரை நாள் ஆகவில்லை.