ஷேர்டு ஃபோல்டரில் முழு டிரைவையும் கொடுக்காதீர்கள்

பழைய மென்பொருளை விட முடியாத அலுவலகங்களுக்கு எமுலேட்டர் (ஒரு கணினிக்குள் இன்னொரு பழைய கணினியை ஓட்டும் மென்பொருள்) அமைத்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. டாஸ், விண்டோஸ் 98, எக்ஸ்பி என்று பழைய இயங்குதளங்கள் எல்லாம் வரும். உள்ளே இருக்கும் கணினி ஓடத் தொடங்கியதுமே, "சரி, இதுக்குள்ள ஃபைலை எப்படிக் கொண்டுபோறது?" என்று கேட்பார்கள். பலர் நான் பதில் சொல்லும்வரை காத்திருப்பதில்லை. உள்ளேயும் வெளியேயும் பொதுவாகத் தெரியும் ஷேர்டு ஃபோல்டரின் அமைப்பைத் திறந்து, ஹோஸ்டின் (எமுலேட்டரை ஓட்டும் வெளிக் கணினியின்) சி டிரைவையே மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கோப்பு எப்போது தேவைப்படுமோ, எல்லாமே இருக்கட்டும் என்ற எண்ணம்.

உள்ளே என்ன நடந்தாலும் வெளியே பாதிப்பு வராது என்பதுதான் எமுலேட்டர் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை. முழு டிரைவையும் பகிர்ந்த பிறகு அந்த நம்பிக்கைக்கு அர்த்தமில்லை. ரேக்னர் லாக்கர் என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) கும்பல் இதையே ஆயுதமாக்கியது. 2020 மே மாதம் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை விவரமாக வெளியிட்டது. தாக்கப்பட்ட கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இதே வகை மென்பொருளை நிறுவி, அதற்குள் எக்ஸ்பியை ஓட்டி, ஹோஸ்டின் டிரைவுகளை ஷேர்டு ஃபோல்டராக உள்ளே கொடுத்திருக்கிறார்கள். ரேன்சம்வேர் ஓடியது உள்ளே. பூட்டப்பட்டதோ வெளியே இருந்த கோப்புகள். ஹோஸ்டின் ஆன்டிவைரஸ் பார்வையில், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நல்ல மென்பொருள் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வைரஸே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஷேர்டு ஃபோல்டரில் உள்ளிருந்து அழிக்கும் கோப்பு ஹோஸ்டின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் சி டிரைவின் வேரையே மவுன்ட் செய்தால் (இணைத்தால்) அதுவே எச்சரிக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே, பகிர்வதற்கென்றே ஒரு காலி ஃபோல்டர் வையுங்கள். உள்ளே கொண்டுபோக மட்டும் என்றால், விர்ச்சுவல்பாக்ஸில் 'ரீட்-ஒன்லி' கட்டத்தை டிக் செய்யுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஐஎஸ்ஓ (சிடியைப் போலச் செயல்படும் ஒற்றைக் கோப்பு) வழி: வேண்டிய கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓவாக்கி எமுலேட்டரின் சிடி டிரைவில் செருகிவிட்டால் போதும். உள்ளே இருப்பவரால் அதில் எதையும் எழுத முடியாது. சிடி டிரைவைப் புரிந்துகொள்ளும் எந்தப் பழைய சிஸ்டமும் அதைப் படிக்கும்.

நெட்வொர்க் வழியாகப் பகிரலாமே என்பார்கள். எக்ஸ்பிக்குத் தெரிந்தது, விண்டோஸ் நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு பழைய மென்பொருளுக்காக ஹோஸ்டில் அதை மறுபடி இயக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

உள்ளிருந்து கோப்புகளை வெளியே எடுப்பதற்குச் சிறிய டிஸ்க் இமேஜ் (ஒரு முழு டிஸ்க்காகச் செயல்படும் கோப்பு) ஒன்றை இரண்டாவது ஹார்டு டிஸ்க்காக இணைக்கலாம். இங்கேதான் அதிகமான கோப்புகள் கெட்டுப்போய் என்னிடம் வருகின்றன. எமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே இமேஜை ஹோஸ்டிலும் மவுன்ட் செய்துவிடுகிறார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஒவ்வொரு சிஸ்டமும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். டிஸ்க்குக்குத் தான் மட்டுமே சொந்தக்காரன் என்று இரண்டும் நினைக்கும். நீங்கள் வெளியிலிருந்து ஒரு கோப்பைப் போட்ட பிறகு, உள்ளே இருக்கும் சிஸ்டம் தன் பழைய அட்டவணையை அதன் மேலேயே எழுதிவிடும். உடனே பிழைச்செய்தி எதுவும் வராது. பிறகு ஒருநாள் ஒரு கோப்பைத் திறந்தால் இன்னொரு கோப்பின் துண்டு அதற்குள் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காதது 'சேவ் ஸ்டேட்', அதாவது இருக்கும் நிலையை அப்படியே சேமித்து மூடும் வசதி. ஜன்னலை மூடியாகிவிட்டது, கணினி நின்றுவிட்டது என்று நினைத்து இமேஜைத் திறக்கிறார்கள். அந்தக் கணினி நிற்கவில்லை, உறைந்திருக்கிறது. அதன் நினைவகமும் பழைய அட்டவணையும் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கின்றன. மீண்டும் எழுந்ததும் அதை வைத்தே எழுதத் தொடங்கும். உள்ளே ஷட் டவுன் கொடுத்து, முழுதாக அணைந்த பிறகுதான் இமேஜைத் தொட வேண்டும். கியூஎமு என்ற எமுலேட்டரில் ஒரு ஃபோல்டரையே ஃபேட் (டாஸும் பழைய விண்டோஸும் படிக்கும் வடிவம்) டிஸ்க்காகக் காட்டும் வசதி உண்டு. அதையும் படிக்க மட்டும் பயன்படுத்துங்கள், எழுதும் பக்கம் நம்பகமானதல்ல.

கோப்பு வந்துசேர்ந்த பிறகு வரும் தொல்லைகள் சிறியவை. டாஸில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று என்பதால் நீளமான பெயர்கள் வெட்டுப்படும். டாஸ்பாக்ஸ் ஓடும்போது ஹோஸ்டில் புதிதாகப் போட்ட கோப்பு தெரியாவிட்டால் கண்ட்ரோல், எஃப்4 சேர்த்து அழுத்துங்கள்.

அப்புறம், பழைய தமிழ் ஆவணங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வெளியே எடுத்துத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் எழுதியது வேறு மாதிரிக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். இரண்டுக்கும் யூனிகோடு மாற்றிகள் இருக்கின்றன. மூலக் கோப்பைத் தொடாமல், நகலை மட்டும் மாற்றிப் பாருங்கள்.