கறுப்பு கடைசியாக எதை நகர்த்தியது?

களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் பிள்ளைகளுக்குச் செஸ் பழக்குகிறேன். அநேகமானோர் போனில் ‘இரண்டு நகர்வில் மேட்’ புதிர்களைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். கை வேகம் இருக்கிறது. இந்த நிலை எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் இல்லை. அதைப் பழக்குவதற்கென்றே பின்னோக்கிப் பார்க்கும் புதிர்கள் இருக்கின்றன.

ஒன்றைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்புக்கு ஈ8இல் ராஜா, ஏ8இல் கோட்டை, ஏ7, சி7இல் சிப்பாய்கள், அவ்வளவுதான். இப்போது வெள்ளையின் முறை. கறுப்பு இனிக் காஸ்லிங் (அதுவரை நகராத ராஜாவையும் கோட்டையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவது) செய்யலாமா?

“ரெண்டும் அதனதன் இடத்திலதானே நிக்குது, ஏலும் சேர்” என்பார்கள்.

“மறுகா, கறுப்பு கடைசியா எதை ஆடினது மனே?”

சிப்பாய் பின்னால் போகாது. இரண்டும் தொடக்கக் கட்டத்திலேயே நிற்பதால் அவை நகரவே இல்லை. மிச்சம் ராஜாவும் கோட்டையும்தான். அவற்றில் எது நகர்ந்திருந்தாலும் காஸ்லிங் உரிமை போய்விட்டது. எது நகர்ந்தது என்று தெரியாமலே விடை உறுதியாகிறது! இந்தப் புதிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இவற்றில் ஒரு வழக்கம் உண்டு. முடியாது என்று நிறுவாதவரை காஸ்லிங் செல்லும். ஆன் பசானுக்கு (இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, ஒரு கட்டம்தான் நகர்ந்தது போல உடனே நம் சிப்பாயால் வெட்டுவது) நேர்மாறு: எதிராளி கடைசியாக அந்தச் சிப்பாயைத்தான் இரண்டு கட்டம் நகர்த்தினார் என்று நிறுவினால்தான் வெட்டலாம்.

பெற்றோரே, விடையைச் செஸ் எஞ்சினிடம் கேட்கவிடாதீர்கள். நிலையை உள்ளிடும்போது காஸ்லிங் உரிமை உண்டா என்பதை நாம்தான் சொல்கிறோம். அது நாம் சொன்னதை வைத்தே கணக்குப் போடும்.

போட்டியிலும் இது உதவும். ஒரே நிலை மூன்று தடவை வந்தது என்று சமநிலை கோரும்போது, காய்கள் அதே கட்டங்களில் நின்றால் மட்டும் போதாது. முதல் தடவை இருந்த காஸ்லிங் உரிமை பிறகு போயிருந்தால் அது வேறு நிலை. நகர்வுகளை ஒழுங்காக எழுதும் பிள்ளைக்கே அதைக் காட்ட முடியும்.

புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளைக்கும் வாரத்துக்கு ஒரு புதிர் பாரமில்லை. அடுத்து இதைக் கொடுங்கள்: வெள்ளைச் சிப்பாய்கள் பி2, டி2இல் அசையாமல் நிற்க, எஃப்4இல் ஒரு வெள்ளை பிஷப். சி1இல் இருந்த பிஷப்புக்கு வெளியே வர வழியே இல்லை. அது அங்கேயே வெட்டுப்பட்டிருக்க வேண்டும். மற்ற பிஷப் வெள்ளைக் கட்டங்களில்தான் ஓடும், எஃப்4 கறுப்புக் கட்டம். ஆகவே எஃப்4இல் நிற்பது எட்டாம் வரிசைக்குப் போய் மாறிய சிப்பாய். வெள்ளையின் எட்டுச் சிப்பாய்களும் இன்னும் பலகையில் இருந்தால், அப்படியொரு நிலை எந்த ஆட்டத்திலும் வராது.