பேச்சு வேறு, அனுமதி வேறு: சிறு விமானம் ஓட்டுவோர் அறிய வேண்டிய வான்வெளி எல்லைகள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பாலோ ஆல்டோ, சான் கார்லோஸ், ஹேவர்ட், ரீட்-ஹில்வியூ போன்ற சிறு விமான நிலையங்களுக்கு வார இறுதியில் சென்றால், செஸ்னா என்ற சிறு விமானத்தின் இறக்கையடியில் நின்று எரிபொருளைச் சோதித்துக்கொண்டிருப்பவர்களிடையே தமிழர்களையும் காணலாம். பெரும்பாலானோர் மென்பொருள் துறையினர். பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விமானம் ஓட்டக் கற்பவர்கள். இந்தப் பகுதியில் பயிற்றுநராகப் பணியாற்றும் நான் தொடர்ந்து கவனித்து வருவது ஒன்று உண்டு. கற்கும் காலத்தில் எல்லோருடைய கவலையும் தரையிறக்கத்தின் மீதே இருக்கிறது. உரிமம் கைக்கு வந்த பிறகு அவர்களைச் சிக்கலில் கொண்டு நிறுத்துவதோ, கண்ணுக்குத் தெரியாத வான்வெளி எல்லைகள். விதியே தெரியாமல் மீறுபவர்கள் குறைவு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தம்மோடு பேசிக்கொண்டிருப்பதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுபவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

இந்தப் பகுதியில் எல்லைகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் எளிது. சான் பிரான்சிஸ்கோ நிலையத்தைச் சுற்றி பி வகை வான்வெளி. ஓக்லாந்துக்கும் சான் ஹோசேவுக்கும் சி வகை. நான் மேலே சொன்ன சிறு நிலையங்களுக்கு டி வகை. 1993 செப்டம்பரில் அமெரிக்கா இந்த எழுத்து வகைப்பாட்டுக்கு மாறியது. பி வகை வான்வெளி தலைகீழாக நிறுத்திய கோபுரம் போன்றது: ஓடுபாதையருகே தரை வரை இறங்கும், விலக விலக அதன் அடித்தளம் படிப்படியாக உயரும், மேல் எல்லை பெரும்பாலும் 10,000 அடி. சி வகையின் வழக்கமான அளவு, நிலையத்திலிருந்து 5 கடல் மைல் வரை தரையிலிருந்து 4,000 அடிக்கும், 10 கடல் மைல் வரை 1,200 அடியிலிருந்து 4,000 அடிக்கும். டி வகை பொதுவாகத் தரையிலிருந்து 2,500 அடி வரை. அந்தந்த இடத்தின் நெருக்கடிக்கேற்ப இவை மாறும் என்பதால், மனப்பாடம் செய்த எண்ணை நம்பக் கூடாது; விமானிகளுக்கான செக்ஷனல் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

வரைபடத்தில் பி வகைக்குத் தொடர்ச்சியான நீலக் கோடு, சி வகைக்குத் தொடர்ச்சியான மெஜந்தா கோடு, டி வகைக்கு விட்டுவிட்டு வரும் நீலக் கோடு. பி வகையின் ஒரு பகுதிக்குள் மேலே 100, கீழே 40 என்று அச்சிட்டிருந்தால், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடியில் தொடங்கி 10,000 அடி வரை அந்த வான்வெளி நீள்கிறது என்று பொருள். ஆகவே 3,900 அடியில் பறப்பவர் விதிப்படி வெளியேதான் இருக்கிறார். ஆனால் மலைச்சரிவிலிருந்து எழும் ஒரு வெப்பக் காற்று 200 அடி தூக்கிவிட்டால், அவர் குனிந்து அலைவரிசையை மாற்றும் நேரத்துக்குள் உள்ளே போய்விடுவார். உயரமானியான அல்டிமீட்டரில் அழுத்த எண்ணை 0.10 அங்குலம் பிழையாக வைத்திருந்தாலே 100 அடி வித்தியாசம் வந்துவிடுகிறது. ஐபேடில் தெரியும் ஜிபிஎஸ் உயரம் இந்த இடத்தில் உதவாது. எல்லைகள் யாவும் சரியாக அமைத்த அல்டிமீட்டரின் கணக்கில்தான் வரையறுக்கப்பட்டுள்ளன. என்னிடம் கற்பவர்களை அடித்தளத்துக்குக் கீழே குறைந்தது 300 அடி, இயன்றால் 500 அடி விட்டுப் பறக்கச் சொல்கிறேன். இது விதியில் இல்லை, என் வற்புறுத்தல்.

இனி, அனுமதி எப்போது கிடைத்ததாகக் கொள்வது என்ற கேள்விக்கு வருவோம்.

அனுமதி என்ற அளவில் டி வகைக்கும் சி வகைக்கும் கேட்கப்படுவது இருவழி வானொலித் தொடர்பு மட்டுமே. நீங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரை அழைத்து, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன உயரம், என்ன நோக்கம் என்று சொல்கிறீர்கள். டவர் உங்கள் விமானத்தின் அழைப்பெண்ணைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" (காத்திருங்கள்) என்றால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. நீங்கள் உள்ளே செல்லலாம். அதே டவர் அழைப்பெண்ணைச் சொல்லாமல் "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்றால் தொடர்பு ஏற்படவில்லை. நீங்கள் வெளியிலேயே வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். அழைப்பெண்ணைச் சொல்லி, கூடவே வெளியே இருக்கும்படி உத்தரவிட்டாலும் நுழையக் கூடாது. இரைச்சலுக்கிடையே விரைந்து காதில் விழும் இந்த வேறுபாட்டை, நான் வகுப்பில் பலகையில் எழுதுவதோடு நிறுத்தாமல், மாணவர் முதுகைத் திருப்பி அமர்ந்திருக்க நானே டவராகப் பேசி, ஒவ்வொரு பதிலுக்கும் "உள்ளே", "வெளியே" என்று சொல்ல வைக்கிறேன். தொடக்கத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தரையில் தடுமாறுவதால் நட்டமில்லை.

பி வகையில் இந்தத் தளர்வு கிடையாது. "கிளியர்ட் இன்டு தி பிராவோ ஏர்ஸ்பேஸ்" என்ற பொருள்பட (பிராவோ என்பது வானொலியில் பி எழுத்தின் பெயர்), உங்கள் அழைப்பெண்ணோடு சேர்த்து, வெளிப்படையான அனுமதி காதில் விழ வேண்டும். ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் இட நான்கு இலக்க எண் தரப்பட்டிருக்கலாம்; "ரேடார் கான்டாக்ட்" (ரேடாரில் உங்களை அடையாளம் கண்டுவிட்டோம்) என்று சொல்லப்பட்டிருக்கலாம்; அரை மணி நேரமாக அதே கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களைப் பற்றி உங்களை எச்சரித்துக்கொண்டும் இருக்கலாம். இவற்றில் எதுவும் பி வகைக்குள் நுழையும் அனுமதி ஆகாது.

இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய பறப்பு மதிப்பாய்வுக்காக என்னிடம் வந்த ஒருவர், கோல்டன் கேட் பாலத்தைச் சுற்றிக் குடும்பத்தினருக்குக் காட்டிய தம் பயணத்தை விவரித்தார். ரேடார் உதவியுடன் பறந்ததாகவும், தெற்கே திரும்பும்போது உயரம் கூட்டப்போவதாகக் கட்டுப்பாட்டாளரிடம் தெரிவித்ததாகவும், அவர் "ரோஜர்" என்றதும் ஏறியதாகவும் சொன்னார். நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது என்பதற்கு மேல் "ரோஜர்" என்ற பதிலில் எதுவும் இல்லை. வரைபடத்தை விரித்து அவர் ஏறிய இடத்தையும் உயரத்தையும் குறித்துப் பார்த்தபோது, அவர் பி வகையின் அடித்தளத்தைத் தாண்டியிருந்தார். அன்று அவரை யாரும் கண்டிக்கவில்லை என்பதால், அது வரை அவருக்கு அது தெரியவே இல்லை. நேர்மையான, கவனமான மனிதர். பயிற்சிக் காலத்தில் "அனுமதி காதில் விழவில்லையென்றால் கேட்டு உறுதிசெய்" என்று அவருக்கு யாரும் பழக்கித் தரவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்: "பிராவோவுக்குள் செல்ல எனக்கு அனுமதி உள்ளதா, உறுதிசெய்யவும்." அப்படிக் கேட்டதற்காக எந்தக் கட்டுப்பாட்டாளரும் எரிச்சல்பட்டு நான் கேட்டதில்லை.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதற்கு 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். டோரன்ஸ் நகர நிலையத்திலிருந்து, மூன்று பேருடன் ஒரு பைப்பர் ஆர்ச்சர் விமானம் மலைப்பகுதியிலுள்ள பிக் பேரை நோக்கிக் கிளம்பியது. அதே நேரத்தில் ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் 498-ஆம் எண் டிசி-9 விமானம், 64 பேருடன் லாஸ் ஏஞ்சலஸில் இறங்க வந்துகொண்டிருந்தது. தெளிவான வானம், நண்பகலுக்குச் சற்று முன். இன்று பி வகை எனப்படும், அன்று டெர்மினல் கன்ட்ரோல் ஏரியா எனப்பட்ட வான்வெளிக்குள் பைப்பர் அனுமதியின்றி நுழைந்திருந்தது. செரிட்டோஸ் நகருக்கு மேலே, ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் இரண்டும் மோதின. விமானங்களில் இருந்த 67 பேரும், தரையில் இருந்த 15 பேரும் இறந்தனர்.

விசாரணை அறிக்கையில் நான் திரும்பத் திரும்ப மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டும் இடங்கள் இரண்டு. பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அனுப்பும் வகையைச் சேர்ந்ததல்ல; ஆகவே திரையில் அதன் புள்ளி தெரிந்திருந்தாலும் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிய வழியில்லை. இரண்டாவது, அந்த நிமிடங்களில் அவருடைய கவனம், அனுமதி பெறாமல் எல்லைக்குள் வந்திருந்த வேறொரு சிறு விமானத்தின் மீது இருந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பைப்பர் விமானி மீது மட்டும் பழியைப் போடவில்லை. மோதலைத் தடுக்கும் திறன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறையிலேயே போதாமல் இருந்ததை முதன்மைக் காரணமாகவும், பைப்பர் தவறுதலாக உள்ளே வந்ததையும், "பார்த்து விலகு" என்ற கோட்பாட்டின் வரம்புகளையும் துணைக் காரணங்களாகவும் அது குறிப்பிட்டது. தெளிவான பகலில், இரண்டு விமானங்களின் விமானிகளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தும் மோதல் தவிர்க்கப்படவில்லை என்பதே அதன் சாரம். "வெளியே பார்த்துக்கொண்டுதானே போகிறேன்" என்று சமாதானம் சொல்பவர்கள் இதை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானதும், பெரிய நிலையங்களிலிருந்து 30 கடல் மைலுக்குள் பறக்கும் பெரும்பாலான விமானங்களுக்கு உயரத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் தேவை என்ற விதியும் இதன் தொடர்ச்சியாகவே வந்தன. 2020 ஜனவரி முதல் அதே வளையத்துக்குள், விமானத்தின் இருப்பிடத்தைத் தொடர்ந்து ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவியும் வேண்டும். பி வகைக்கு அடியில், எல்லைக்கு வெளியே பறந்தாலும் இது பொருந்தும்.

உரிமங்களைப் பொறுத்தவரை, பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். பொழுதுபோக்கு விமானி உரிமத்துக்கு 30. ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்கு 20. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஸ்போர்ட் பைலட்டுக்கு மருத்துவச் சான்றுக்குப் பதிலாக வாகன ஓட்டுநர் உரிமமே போதும் என்பதாலும், அவர் ஓட்டக்கூடிய விமானங்களின் வரம்பை 2025-இல் புதிய விதிகள் பெரிதும் விரிவாக்கியிருப்பதாலும், அந்த வழியைப் பற்றி இப்போது பலர் விசாரிக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, குறைந்த மணி நேரத்தில் கிடைக்கும் இந்த உரிமங்கள் தாமாகவே கட்டுப்பாட்டு வான்வெளியைத் திறந்துவிடுவதில்லை என்பதைத்தான். பி, சி, டி வகைகளுக்குள் பறக்க ஸ்போர்ட் பைலட்டுக்கும் பொழுதுபோக்கு விமானிக்கும் தனிப் பயிற்சியும், லாக்புக்கில் பயிற்றுநரின் ஒப்புதல் குறிப்பும் வேண்டும். டவர் இல்லாத ஊரில் கற்றவர் விரிகுடாப் பகுதிக்குக் குடிபெயர்ந்தால், இந்தக் குறிப்பு இல்லாமல் பாலோ ஆல்டோவிலிருந்து கிளம்பக்கூட முடியாது. மாணவ விமானிகள் பி வகைக்குள் தனியே செல்வதற்கும் அந்தக் குறிப்பிட்ட வான்வெளிக்கான ஒப்புதல் தேவை. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சில நிலையங்களில் அவர்கள் தனியாக இறங்கவே கூடாது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், எச்-1பி விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டு வைத்திருந்தாலும், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவின் ஒப்புதல் வந்த பிறகே பயிற்சியைத் தொடங்க முடியும். அறிமுகப் பறப்பு ஒன்றுக்கு இது தேவையில்லை.

நம்மவர்களிடம் நான் காணும் இன்னொரு தடை வானொலிக் கூச்சம். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலத்தில் பேசுபவர்கள்கூட, மைக்கை அழுத்தும்போது உச்சரிப்பைப் பற்றியும் மற்ற விமானிகள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். விளைவு இரண்டில் ஒன்றாகிறது: புரியாததைப் புரிந்ததாகத் திருப்பிச் சொல்கிறார்கள், அல்லது பேசுவதைத் தவிர்ப்பதற்காக அடித்தளத்துக்கும் மலைக்கும் இடையிலான குறுகலான இடைவெளியில் நெளிந்து போகிறார்கள். முதல் அழைப்பிலேயே "ஸ்டூடன்ட் பைலட்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டாளர் நிதானமாகப் பேசுவார். புரியாவிட்டால் "சே அகெய்ன்". செய்ய முடியாததைச் சொன்னால் "அனேபிள்" (இயலாது). மேகத்துக்குள் கொண்டுபோகும் ஒரு திசை தரப்பட்டால், கண்பார்வை விதிகளின்படி பறப்பவர் அதை மறுக்கத்தான் வேண்டும். கோடைக் காலையில் கடலிலிருந்து வந்து கவியும் தாழ்ந்த மேகத்தால் இங்கே அந்த நிலை அடிக்கடி நேர்கிறது.

வரைபடத்தில் அச்சாகாத எல்லைகளும் உண்டு. 30,000 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கில் பெரிய லீக் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் போன்ற ஆட்டங்கள் நடக்கும்போது, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, 3 கடல் மைல் ஆரத்தில் தரையிலிருந்து 3,000 அடி வரை தடை. சான்டா கிளாராவின் லீவைஸ் அரங்கம் சான் ஹோசே ஓடுபாதைகளுக்கு அருகிலேயே இருக்கிறது என்பதை இங்குப் பறப்பவர்கள் மறக்கக் கூடாது. அதிபர் வருகையின்போது வரும் தடைகள் இன்னும் விரிவானவை. காலையில் பார்த்த அறிவிப்பு மதியம் மாறியிருக்கலாம். எஞ்சினை இயக்குவதற்கு முன் மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லை மீறல் நேர்ந்துவிட்டால், "பாசிபிள் பைலட் டீவியேஷன்" (விமானியின் விதிமீறலாக இருக்கலாம்) என்ற அறிவிப்போடு ஒரு தொலைபேசி எண் வானொலியில் தரப்படலாம். அந்த நேரத்தில் வாதாட வேண்டாம்; எண்ணைக் குறித்துக்கொண்டு, விமானத்தைப் பத்திரமாக இறக்குவதில் கவனத்தை வையுங்கள். இறங்கியபின், அழைப்பதற்கு முன் உங்கள் பயிற்றுநரிடம் பேசுங்கள். பத்து நாட்களுக்குள் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் நடந்ததை எழுதி அனுப்புங்கள். 1976 முதல் இயங்கும் அந்த முறையில், வேண்டுமென்றே செய்யாத மீறலாக இருந்து, முந்தைய ஐந்தாண்டுகளில் வேறு மீறல் நிரூபிக்கப்படாமலும் இருந்தால், மீறல் உறுதியானாலும் பொதுவாக உரிமத்தை நிறுத்திவைக்கும் தண்டனை விதிக்கப்படுவதில்லை. யாரும் உங்களைக் கண்டிக்காத நாளிலும், உள்ளே போய்விட்டோமோ என்ற ஐயம் எழுந்தாலே அந்தப் படிவத்தை நிரப்பலாம்; அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.